எண்ணெயும் எடுத்துச் சொன்னவரும்

அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் பழைய சாமான் கடைக்குள் நுழைந்தால், துருப்பிடித்த விளம்பரத் தகடுகளுக்கும் கண்ணாடிப் பால்புட்டிகளுக்கும் நடுவே ஓர் உருளை டப்பா கண்ணில் படும். உடம்பு கெட்டி அட்டை, மேலும் கீழும் தகர மூடி. ஒரு குவார்ட் பிடிக்கும். லிட்டருக்குச் சற்றுக் குறைச்சல். மேல்மூடியில் பிறை போல ஒரு வெட்டு இருந்தால் அது உபயோகித்த டப்பா. கூரான தகர மூக்கு ஒன்றை மூடியில் அழுத்திக் குத்தி, அப்படியே இன்ஜினுக்குள் கவிழ்த்த காலத்தின் தழும்பு அது. அட்டையில் ஊறிப்போன எண்ணெய் வாசனை இத்தனை வருடத்துக்குப் பிறகும் லேசாக மிச்சமிருக்கும். நம்மூர் மெக்கானிக் கடையின் கறுத்த தரையிலிருந்து எழுவதும் ஏறக்குறைய அதே வாசனைதான். இன்ஜின் ஆயிலுக்கு ஊர் பேதம் கிடையாது. 1980களில் பிளாஸ்டிக் பாட்டில் வந்தது. மூடியைத் திருகினால் போதும் என்று ஆனது. டப்பாவும் தகர மூக்கும் சேர்ந்தே ஓய்வு பெற்றன.

அந்த டப்பாவைப் பார்த்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதை வீட்டு வாசல்வரை தூக்கி வந்த ஆள். அவருக்குச் சம்பளம் கிடையாது, கடை கிடையாது. சொந்த வீட்டின் கார் நிறுத்துமிடமே கிடங்கு, சமையலறை மேசையே அலுவலகம். பகலில் ஆலைத் தொழிலாளியாகவோ பள்ளி ஆசிரியராகவோ விவசாயியாகவோ இருந்துவிட்டு, மாலையிலும் சனிக்கிழமையிலும் இன்ஜின் ஆயில் விற்கும் ‘சுயேச்சை டீலர்’. கல்யாண வீட்டில், தேவாலய வாசலில், மீன் பிடிக்கும் இடத்தில், எங்கே பார்த்தாலும் பேச்சை எண்ணெய்க்கே கொண்டுவந்து விடுவார் என்று அவரைக் கேலி செய்வார்கள். ‘ஆயில் பாதிரியார்’ என்று சொல்லத்தக்க ஒரு ஜாதி அது. கேலியில் நியாயம் உண்டு. ஆனாலும் அந்த ஆளைக் கேலியோடு தள்ளிவிட்டால் ஒரு வியாபாரத்தின் சரித்திரம் புரியாமல் போகும் என்பது என் கட்சி. அவர் டப்பாவில் கொண்டுவந்தது எண்ணெய். காசு வாங்கியது விளக்கத்துக்கு. கடையின் அலமாரிக்கு வாய் இல்லாத ஒரு காலத்தில், அந்த விளக்கம் இல்லாமல் அந்த எண்ணெய் விற்றிருக்காது. பிறகு அந்த விளக்கம் ஊரறிந்த சங்கதி ஆனபோது அவருக்கு வேலை குறைந்தது. தோற்றதால் குறைந்த வேலை இல்லை அது, ஜெயித்ததால் குறைந்தது.

இந்தக் கதை தொடங்கிய இடத்தின் குளிரைச் சொல்லாமல் மேலே போக முடியாது. விஸ்கான்சின் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், சுப்பீரியர் ஏரியின் கரையில், ஏரியின் பெயரையே வைத்துக்கொண்ட சிறிய துறைமுக ஊர் சுப்பீரியர். நீருக்கு அந்தப் பக்கம் மினசோட்டாவின் டுலூத். மைனஸ் 30 டிகிரியைத் தொடும் இரவுகள் அங்கே உண்டு. அப்படிப்பட்ட காலையில் சாதாரண இன்ஜின் ஆயில் தேன்பாகு போல இறுகி நிற்கும். சாவியைத் திருப்பினால் இன்ஜின் முனகுமே தவிரச் சுழலாது. டுலூத்தில் தேசியக் காவல் விமானப் படையின் ஜெட் போர்விமான அணிக்குத் தலைமை தாங்கிய ஆல்பர்ட் அமட்டூசியோ இந்த முரண்பாட்டைக் கவனித்தார். அதே குளிரில் ஜெட் இன்ஜின் தடையின்றிக் கிளம்புகிறது, தரையில் நிற்கும் கார் கிளம்ப மறுக்கிறது. விமானத்தில் இருந்தது செயற்கை எண்ணெய். பூமியிலிருந்து எடுத்த கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தது இல்லை, ரசாயனச் சாலையில் மூலக்கூறு மூலக்கூறாகக் கட்டி எழுப்பியது. அதைக் காருக்குக் கொண்டுவருவதில் பல வருடம் செலவிட்டு, 1972இல் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தரச் சோதனையில் தேறிய முதல் செயற்கைக் கார் எண்ணெயை அவர் சந்தைக்குக் கொண்டுவந்தார். இன்று ஆம்சாயில் என்று அறியப்படும் நிறுவனம் அதுதான். ஆரம்பத்தில் அதன் பெயரில், இன்று ‘எஸ்’ இருக்கும் இடத்தில் ‘இஸட்’ இருந்தது.

எண்ணெய் கையில் இருந்தது. விற்கத்தான் வழி இல்லை. சாதாரண எண்ணெயைவிடப் பல மடங்கு விலை. பெட்ரோல் பங்க்காரர் கண்ணோட்டத்தில் அது தன் பிழைப்பைக் கெடுக்க வந்த சரக்கு. மூவாயிரம் மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வரும் வாடிக்கையாளரை, இருபத்தைந்தாயிரம் மைலுக்கோ வருடத்துக்கோ ஒருமுறை வந்தால் போதும் என்று அனுப்பிவைக்கும் சரக்கை அவர் ஏன் அலமாரியில் வைப்பார்? கார் கம்பெனிகளின் கையேடுகள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பெரிய எண்ணெய்க் கம்பெனிகள் சாதாரண எண்ணெயில் கொழுத்துக் கொண்டிருந்தன. போதாக்குறைக்கு, 1973 அக்டோபரில் அரபு நாடுகள் ஏற்றுமதித் தடை விதித்தன. பீப்பாய் சுமார் மூன்று டாலரிலிருந்து சில மாதங்களில் பன்னிரண்டு டாலரை நெருங்கியது. பெட்ரோலுக்கே வரிசையில் நிற்கும் மக்களிடம் விலை உயர்ந்த ஆயிலைக் கொண்டுபோய் நீட்டுவது பைத்தியக்காரத்தனம் என்று தோன்றலாம். உண்மையில் அந்த நெருக்கடிதான் டீலருக்குப் பேச்சைத் தொடங்க ஒரு நுனி கொடுத்தது. எண்ணெய் என்பது தீர்ந்துபோகக் கூடிய பொருள் என்று அமெரிக்கர்களுக்கு முதன்முதலாக உறைத்த சமயம் அது. ஆக, கடை கைவிட்ட சரக்கு, மனிதர் வாய் வழியாகப் போக வேண்டியதாயிற்று.

வீடு வீடாகப் போய் விற்பது அந்தப் பக்கத்தில் புதிதும் அல்ல. மினசோட்டாவில் 1868இல் தொடங்கிய வாட்கின்ஸ் கம்பெனி, வலிநிவாரணத் தைலத்தைக் குதிரை வண்டியில் பண்ணை பண்ணையாக அனுப்பி விற்றது. அதன் புட்டியில் ஒரு கோடு வார்க்கப்பட்டிருக்கும். அந்தக் கோடு வரை உபயோகித்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் மிச்சத்தைக் கொடுத்துக் காசை வாங்கிக் கொள்ளுங்கள் என்பது ஒப்பந்தம். எத்தனை சாமர்த்தியமான கோடு! வலி போயிற்றா இல்லையா என்பது கோட்டை எட்டுவதற்குள் தெரிந்துவிடும். பிரஷ் விற்றவர் வாசலிலேயே துடைத்துக் காட்டினார். தூசு உறிஞ்சும் கருவி விற்றவர் கூடத்தில் சாம்பலைக் கொட்டி உறிஞ்சிக் காட்டினார். பாத்திரம் விற்றவர் அதில் சமைத்தே காட்டினார். இன்ஜின் ஆயிலுக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. ஊற்றியதும் இருட்டுக்குள் போய்விடும். காரின் வேகம் கூடாது, சத்தம் பெரிதாக மாறாது, பளபளப்பும் வராது. நல்ல எண்ணெயின் பலன் என்பது பத்து வருடம் கழித்து ஓர் இன்ஜின் பழுதாகாமல் இருப்பது. வராத நோய்க்கு மருந்து விற்பது போன்ற வியாபாரம். இத்தகைய பொருளை வாங்க வைப்பதற்கு ஒன்று விளம்பரத்துக்குக் கோடிக்கணக்கில் கொட்ட வேண்டும், அல்லது எதிரே உட்கார்ந்து பொறுமையாக விளக்க ஓர் ஆள் வேண்டும். ஏரிக்கரைச் சிறு கம்பெனிக்கு முதல் வழி கட்டுப்படியாகாது.

அந்த ஆள் என்ன விளக்கினார் என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இந்த வாதத்தின் உயிர் அங்கே இருக்கிறது. ‘10டபிள்யூ-40’ என்று டப்பாவில் போட்டிருப்பதில் அந்த டபிள்யூ ‘வின்ட்டர்’ என்பதன் முதலெழுத்து என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. முதல் எண் குளிரில் எண்ணெய் எப்படி ஓடும் என்பதைச் சொல்கிறது, இரண்டாவது சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதை. கச்சா எண்ணெயிலிருந்து வடித்ததில் பெரிதும் சிறிதுமாகப் பல ஜாதி மூலக்கூறுகள் கலந்திருக்கும். மெழுகும் இருக்கும், குளிரில் அது படிகமாகி எண்ணெயைப் பிடித்துக் கொள்ளும். மறுகோடியில் லேசான மூலக்கூறுகள் சூட்டில் ஆவியாகிப் பறந்துவிடும், மிச்சம் நிற்பது கெட்டிப்பட்டுக் கசடாகும். செயற்கை எண்ணெயில் மூலக்கூறுகள் ஏறக்குறைய ஓர் அளவு, ஓர் உருவம். மெழுகு இல்லாததால் குளிரில் ஓடும், பறந்து போவது குறைவாக இருப்பதால் சூட்டில் தாங்கும். இதைச் சமையலறை மேசையில் ஒரு நாட்டுப்புற உவமையோடு சொல்லிவிடலாம். குளிரில் ஒரே ராத்திரி வாசலில் வைத்த இரண்டு புட்டிகளைக் காலையில் கவிழ்த்துக் காட்டினால் உவமைகூட வேண்டாம். ஒன்று ஓடும், மற்றது அசையாது. வடக்கத்தி டீலருக்கு இயற்கை கொடுத்த ஒரே செயல்விளக்கம் அது. டெக்சஸ்காரருக்கு அதுவும் இல்லை.

பிறகு கணக்கு. இருபத்தைந்தாயிரம் மைலுக்கு, மூவாயிரத்துக்கு ஒருமுறை என்றால் எட்டுத் தடவை ஆயில் மாற்ற வேண்டும். தடவைக்கு ஐந்து குவார்ட் என்று வைத்தால் நாற்பது குவார்ட். செயற்கை எண்ணெய் ஐந்து குவார்ட், நடுவில் ஃபில்டர் மாற்றும்போதும் அளவு குறையும்போதும் ஊற்ற இன்னும் சில. விலை ஐந்து மடங்கு என்றாலும்கூட கணக்கு வாங்குபவர் பக்கம்தான் சாயும். எட்டுத் தடவை காரடியில் படுக்கும் சிரமத்தையும், கறுப்பு எண்ணெயை எங்கே கொட்டுவது என்ற தலைவலியையும் சேர்க்காமலே. அன்றைய அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை தன் காருக்குத் தானே ஆயில் மாற்றுவது குடும்பத் தலைவரின் சடங்கு போல இருந்தது. மகனுக்கு ஸ்பானர் பிடிக்கக் கற்றுக் கொடுத்ததே அந்தச் சடங்கில்தான். ஆகவே இந்தக் கணக்கு அவர்களுக்குக் காகிதக் கணக்காக இல்லை, முதுகுவலிக் கணக்காகவே புரிந்தது. டீலர் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஓர் அட்டை வைத்திருப்பார். கார் எது, எந்த மாதம் ஆயில் மாற்றினது, அப்போது மீட்டர் என்ன, எந்த எண் ஃபில்டர். வருடம் முடியும் சமயத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு. டிப்ஸ்டிக்கை உருவி, துணியில் துடைத்து, மறுபடி முக்கி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அரை மணி நேரம் பேச்சு. தன் சரக்கைக் குறைவாக வாங்குங்கள் என்று சொல்லிச் சரக்கு விற்ற விசித்திர வியாபாரி அவர்.

இனி ஆட்சேபங்கள். முதலாவது, அந்தக் காலத்திலேயே எழுந்தது: கையேட்டில் இல்லாத எண்ணெயை ஊற்றினால் கார் கம்பெனியின் உத்தரவாதம் ரத்தாகிவிடாதா? மெக்கானிக்குகள் இதைச் சொல்லியே பலரைப் பயமுறுத்தினார்கள். 1975இல் நிறைவேறிய மேக்னசன்-மாஸ் உத்தரவாதச் சட்டம் டீலரின் கையில் ஒரு பிரம்பு கொடுத்தது. குறிப்பிட்ட பிராண்டின் பொருளைத்தான் உபயோகிக்க வேண்டும் என்று உத்தரவாதத்தோடு நிபந்தனையைக் கட்டிவிட முடியாது, அந்தப் பொருளை இலவசமாகத் தந்தாலொழிய, அல்லது அரசின் வர்த்தக ஆணையம் தனி விலக்கு அளித்தாலொழிய என்றது அது. எனவே ‘ரத்தாகிவிடும்’ என்ற பயமுறுத்தல் பொய். ஆனால் டீலர்களில் பலர் இந்தச் சட்டத்தை அது பேசாததையும் பேச வைத்தார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சட்டம் காத்தது பிராண்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை. கையேடு சொன்ன மைலைத் தாண்டி எண்ணெயை விட்டுவைத்து, அதனாலேயே இன்ஜின் கெட்டால் கார் கம்பெனி கை விரிக்கலாம். இந்த நுணுக்கம் பெரும்பாலும் சமையலறை மேசைக்கு வரவில்லை. விளக்கம் விற்கிறவர் பாதி விளக்கத்தோடு நிறுத்தினால் அதற்குப் பெயர் வேறு.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கனமானது. விளக்கம் என்று சொல்கிறீர்களே, அது விளக்கமா வித்தையா? சந்தைத் திடல்களிலும் கண்காட்சிகளிலும் ஒரு சிறு இயந்திரம் வைத்திருப்பார்கள். சுழலும் இரும்பு வளையத்தின் மேல் ஓர் உருளையை நெம்புகோலால் அழுத்துவார்கள். சாதாரண எண்ணெய் ஊற்றினால் கிறீச்சிட்டு நின்றுவிடும்; தங்கள் சரக்கை ஊற்றினால் எவ்வளவு அழுத்தினாலும் சுழலும். கூட்டம் வாய் பிளக்கும். ஆனால் அது சோதித்தது மிகையழுத்தத்தில் உலோகத்தின் மேல் படியும் ரசாயனத்தை. கியர் எண்ணெய்க்கும் கிரீசுக்கும் அது பொருந்தும். காரின் இன்ஜினுக்குள் பெரும்பாலான இடங்களில் நடப்பது வேறு. அங்கே தண்டும் தாங்கியும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம் மிதக்க வைக்கிறது. அந்த இயந்திரத்தில் ஜெயிக்கும் சில திரவங்கள் இன்ஜினுக்குள் அரிப்பையே உண்டாக்கும். இந்த வித்தை எண்ணெயைவிட, எண்ணெயில் கலக்கும் ‘சேர்மானம்’ விற்றவர்களின் ஆயுதமாக இருந்தது. அவர்களில் பெரும் பெயர் பெற்ற ஸ்லிக் 50 மேல் வர்த்தக ஆணையம் 1996இல் நடவடிக்கை எடுத்து, ஆதாரமில்லாத விளம்பரக் கூற்றுகளை மறு வருடம் நிறுத்த வைத்தது. ஒரே சந்தையில் நின்றதால் சேறு எல்லார் மேலும் தெறித்தது. கொஞ்சம் நியாயமாகவும் தெறித்தது. நல்ல எண்ணெய் விற்ற டீலர்களும் கூட்டம் சேர்க்க அந்த நெம்புகோலைத் தொட்டவர்கள்தான்.

ஆனாலும் அவர்களிடம் நேர்மையான ஒரு சாட்சி இருந்தது. அதற்குக் கூட்டம் சேராது என்பதுதான் குறை. பழைய எண்ணெயில் ஒரு சிறு புட்டியை நிரப்பித் தபாலில் ஆய்வகத்துக்கு அனுப்பினால், அதில் இரும்பு எத்தனை, செம்பு எத்தனை, சிலிக்கான் எத்தனை என்று பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற கணக்கில் சீட்டு வரும். இரும்பு கூடினால் சிலிண்டர் தேய்கிறது. செம்பு கூடினால் தாங்கி தேய்கிறது. சிலிக்கான் கூடினால் காற்று ஃபில்டர் ஓட்டை, தூசு உள்ளே போகிறது. அமிலத்தை முறிக்கும் சக்தி எண்ணெயில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதும் வரும். அமெரிக்க ரயில்வேக்கள் 1940களிலேயே டீசல் இன்ஜின்களுக்குச் செய்யத் தொடங்கிய ரத்தப் பரிசோதனை இது. பரிசோதனையில் தேறினால் எண்ணெயை மாற்றாமல் ஓட்டு, தேறாவிட்டால் மாற்று. மைலைச் சொல்லி விற்பதைவிட இது எவ்வளவோ கறாரான முறை. லாரி முதலாளிகளும் பெரும் பண்ணைக்காரர்களும் இதைப் புரிந்துகொண்டார்கள்; ஒரு லாரி இன்ஜினுக்கு நாற்பது குவார்ட் வேண்டியிருக்கும்போது சீட்டுக்குச் செலவிடும் காசு பெரிதில்லை. இவர்களுக்கே நுண்ணிய அழுக்கைப் பிடிக்கும் துணை ஃபில்டர்களும் விற்றன. அந்த ஜாதியில் ஃப்ரான்ட்ஸ் என்ற ஒன்றுக்குள் வைத்தது கழிப்பறைக் காகிதச் சுருள். சிரிப்பு வரும். ஆனால் இறுகச் சுற்றிய காகிதம் நல்ல வடிகட்டிதான்.

மூன்றாவது ஆட்சேபத்தை எல்லோரும் கடைசிக்கு வைத்திருப்பார்கள்: இது சங்கிலி வியாபாரம் தானே? டீலர் தான் விற்றதில் லாபம் எடுத்தார். தான் சேர்த்துவிட்ட டீலர்கள் விற்றதிலும் ஒரு பங்கு கமிஷன் எடுத்தார். இத்தகைய ஏற்பாடுகளை அமெரிக்க அரசு 1970களில் கூர்ந்து நோக்கியது. வாசலுக்கு வந்து விற்றால் மூன்று நாளைக்குள் வேண்டாம் என்று சொல்லும் உரிமை வாங்கியவருக்கு வந்தது அந்தப் பத்தாண்டில்தான். அழகுசாதனம் விற்ற காஸ்காட் கம்பெனியின் வழக்கில் 1975இல், பொருளை விற்பதோடு சம்பந்தமில்லாமல் ஆள் சேர்த்ததற்கே காசு என்றால் அது பிரமிட் மோசடி என்று வரையறுத்தார்கள். 1979இல் ஆம்வே வழக்கில் அது பிரமிட் இல்லை என்று தீர்ப்பானது. வாங்கிய சரக்கில் பெரும்பங்கை விற்றாக வேண்டும், வெளி வாடிக்கையாளர் இத்தனை பேருக்கு விற்றதைக் காட்ட வேண்டும், விற்காத சரக்கைத் திருப்பி எடுக்க வேண்டும் என்ற விதிகள் அதைக் காப்பாற்றின. அதே தீர்ப்பு, சராசரி வருமானத்தை மிகைப்படுத்திச் சொல்லக் கூடாது என்று குட்டவும் செய்தது. இந்த உரைகல்லில் இன்ஜின் ஆயிலைத் தேய்த்துப் பாருங்கள். வைட்டமின் மாத்திரையைத் தேவையில்லாமல் வாங்கி அடுக்கலாம். ஆயிலை? குடிக்க முடியாது. காருக்கு ஐந்து குவார்ட்டுக்கு மேல் ஊற்றவும் முடியாது. அதிகம் ஊற்றினால் கெடுதல். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் வேண்டிய சரக்கு அது. டீலர் தன் சொந்தத் தேவைக்கு வாங்கி வாங்கியே மேலே இருப்பவரைப் பணக்காரராக்க முடியாத பொருள். வெளியே விற்றால்தான் உண்டு. அதிலும் லாரிக் கம்பெனிக்கோ ஸ்னோமொபைல் கடைக்கோ விற்றால்தான் உண்டு. பொருளின் இயல்பே ஒரு காவல்.

காவல் இருந்தும் கெடுதல் நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆள் சேர்ப்பதில் வரும் காசு விளக்கத்தைக் கெடுக்கும். எண்ணெயைப் பற்றி அரை மணி நேரம் பேசிய வாய், பங்குக் கமிஷன் கணக்கைப் பற்றி ஒரு மணி நேரம் பேசத் தொடங்கியதும் கேட்பவரின் காது மூடிக்கொள்ளும். இவர் என் இன்ஜினைப் பார்க்கிறாரா, என் சட்டைப்பையையா என்ற சந்தேகம் வந்துவிட்டால் உண்மையான வாக்கியமும் பொய்யாக ஒலிக்கும். கார் நிறுத்துமிடத்தில் விற்காத பெட்டிகளோடு மெல்ல விலகிப்போனவர்களும், நட்பை எண்ணெயில் வழுக்கவிட்டவர்களும் உண்டு. பெரும்பாலோருக்கு இது கடைசிவரை பக்கத் தொழில்தான். தங்கள் சொந்தக் கார்களுக்கு மொத்த விலையில் எண்ணெய் கிடைத்தால் போதும் என்று இருந்துவிட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் மட்டும் எந்த இன்ஜினுக்கு எது என்று மனப்பாடமாகத் தெரிந்த, ஊர் நம்பும் ஆட்களாக நிலைத்தார்கள். இவர்கள் ஆள் சேர்த்ததைவிட அட்டைப்பெட்டியில் வாடிக்கையாளர் அட்டைகளைச் சேர்த்ததுதான் அதிகம்.

பிறகு என்ன ஆனது என்பது விரைவாகச் சொல்லக்கூடிய கதை. 1970களின் நடுவிலேயே மொபில் கம்பெனி தன் செயற்கை எண்ணெயோடு இறங்கியது. அதன் கையில் விளம்பரப் பணமும் பெரும் கடைகளின் அலமாரியும் இருந்தன. 1992இல் ஷெவர்லே கார்வெட் ஆலையிலிருந்து வெளிவரும்போதே செயற்கை எண்ணெயோடு வந்தது. விலை உயர்ந்த காரின் வயிற்றில் கம்பெனியே ஊற்றியனுப்பும் எண்ணெயை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். கலிபோர்னியாவில் மாநில அரசின் கழிவு மேலாண்மைத் துறையே, மூவாயிரம் மைல் என்பது பழங்கதை, கையேட்டைப் பாருங்கள் என்று பிரசாரம் செய்தது. வருடக்கணக்கில் டீலர் சொல்லிக் கேலி வாங்கிய வாக்கியத்தை அரசாங்கம் சுவரொட்டியில் அச்சடித்தது. 2010ஐ ஒட்டி ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களுக்கு டெக்சோஸ் என்ற புதுத் தரத்தைக் கட்டாயமாக்கியது. டொயோட்டா 0டபிள்யூ-20 செயற்கை எண்ணெய் ஊற்றும் கார்களுக்குப் பத்தாயிரம் மைலுக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்று கையேட்டிலேயே எழுதியது. இன்ஜின் மூடியைத் திறந்தால் எண்ணெய் ஊற்றும் வாயின் மூடிமேல் அந்த எண் பொறித்திருக்கும். சமையலறை மேசையில் அரை மணி நேரம் எடுத்த விளக்கம் ஒரு பிளாஸ்டிக் மூடிமேல் ஐந்தாறு எழுத்தாகச் சுருங்கியது.

அப்படியானால் இன்று அவர் தேவையில்லை, வலைத்தளம் போதும் என்று ஒருவர் சொல்லலாம். பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆம்சாயில் நிறுவனம் இன்றும் டீலர்கள் வழியாக விற்கிறது. ஆனால் வாங்குபவர் திரையில் கார் மாடலைத் தட்டினால் எண்ணெயும் ஃபில்டரும் வந்து நிற்கும். டீலருக்கு மிச்சம் இருப்பது பில்லில் பதியும் ஓர் எண். மறு பாதியை ஒப்புக்கொள்ள முடியாததற்கு ஒரு சொல் காரணம். செயற்கை எண்ணெய் என்றால் கட்டி எழுப்பியது என்றேன். 1990களின் இறுதியில் காஸ்ட்ரால் கம்பெனி, கச்சா எண்ணெயிலிருந்து எடுத்ததையே கடும் ஹைட்ரஜன் முறையில் சுத்திகரித்துச் ‘சிந்தெடிக்’ என்று விற்றது. மொபில் ஆட்சேபித்தது. 1999இல் விளம்பரத் துறையின் சொந்தப் பஞ்சாயத்து அமைப்பு அந்தப் பெயர் செல்லும் என்று முடிவு சொன்னது. ரசாயனப்படி பார்த்தால் அந்த எண்ணெயும் மோசமில்லை, பல வேலைகளுக்கு நன்றாகவே போதும். ஆனால் அன்றோடு டப்பாமேல் உள்ள சொல் உள்ளே இருப்பதைச் சொல்வதை நிறுத்திக் கொண்டது. ஒரே சொல், வெவ்வேறு சரக்கு, வெவ்வேறு விலை. விளக்க ஓர் ஆள் மறுபடி வேண்டும் என்ற நிலை வந்தபோது, விளக்கத்துக்குக் காசு கொடுக்கும் வழக்கம் போய்விட்டிருந்தது. வலைத்தளத்தில் விளக்கம் மலையாகக் குவிந்து கிடக்கிறது, இலவசமாக. டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்து, உங்கள் காரில் பிரச்சினை எண்ணெய் இல்லை, தூசு நுழைகிறது என்று சொல்ல அதற்குக் கண் இல்லை.

வேடிக்கை இன்னொன்றும் உண்டு. வேகமாக ஆயில் மாற்றித் தரும் கடைகளில், வேலை முடிந்ததும் முன்கண்ணாடியின் ஓரத்தில் ஒரு சிறு சீட்டு ஒட்டுவார்கள், அடுத்து எந்த மைலில் வரவேண்டும் என்று. பத்தாயிரம் மைல் தாங்கும் எண்ணெயை ஊற்றிவிட்டு மூவாயிரமோ ஐயாயிரமோ கூட்டி எழுதும் கை இன்னும் ஓயவில்லை. காருக்கடியில் படுத்த தலைமுறை போய், சீட்டை நம்பும் தலைமுறை வந்துவிட்டது. இனி வரும் மின்சாரக் காருக்கு இன்ஜின் ஆயிலே கிடையாது. அதில் டிப்ஸ்டிக்கும் இல்லை, சீட்டு ஒட்டக் காரணமும் இல்லை.

பழைய சாமான் கடையில் அந்த அட்டை டப்பாவுக்கு இரண்டு விலை. பிறைவெட்டு விழுந்த காலி டப்பா மலிவு. மூடி குத்தாமல், உள்ளே எண்ணெய் அப்படியே தளும்பும் டப்பாவுக்குச் சேகரிப்பவர்கள் பல மடங்கு கொடுப்பார்கள். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, நிறைந்திருக்கிறது என்று உறுதி செய்துகொண்டுதான் வாங்குவார்கள்.